இரண்டு ஸ்பேனர் பெட்டி

எங்கள் தாத்தா ஜப்பான்காரன் வந்த கதையை எப்போது சொன்னாலும் அதில் ஒரு 'ஜீரோ' போர் விமானம் பறக்கும். ரப்பர் தோட்டத்தில் காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து ஆட்கள் மர நிரைக்குப் போயாகிவிட்டது. மங்குக் கிண்ணத்தில் பால் இறங்கிக்கொண்டிருக்கிறது. திடீரென்று சுங்கை பட்டாணி ஆகாயக் கப்பல் திடல் பக்கம் இடி இடித்த மாதிரி சத்தம். வாளியைப் போட்டுவிட்டு எல்லாரும் வடிகால் கானுக்குள் விழுந்து படுத்தார்கள். தலைக்கு மேலே ஜீரோ, இறக்கைக்கு அடியில் சிவப்புப் பொட்டோடு.

அந்தத் தாக்குதல் உண்மை. 1941 டிசம்பர் 8ஆம் தேதி நள்ளிரவு தாண்டி ஜப்பானியப் படை கோத்தா பாரு கடற்கரையில் இறங்கியது. அன்று காலையே வட மலாயாவின் விமானத் திடல்கள் மீது குண்டு விழுந்தது. சுங்கை பட்டாணியில் நின்ற விமானங்களில் பல மேலே எழும்பவே இல்லை, தரையிலேயே போய்விட்டன. ஜீரோ விஷயத்தில்தான் சிக்கல். ஜீரோ ஜப்பானியக் கடற்படையின் விமானம். வட மலாயா வானத்தில் அந்த நாட்களில் பெரும்பாலும் பறந்தவை தரைப்படையான ராணுவத்தின் விமானங்கள். ராணுவம் வைத்திருந்த சண்டை விமானங்கள் நாக்காஜிமா கி-27, கி-43. கி-43இன் துப்பாக்கிகள் இரண்டும் மூக்கில்தான் இருக்கும். ஜீரோவுக்கு இறக்கையில் 20 மில்லிமீட்டர் பீரங்கியும் உண்டு. கானில் முகம் புதைத்துக் கிடப்பவருக்கு இது எப்படித் தெரியும்? மேலே நேருக்கு நேர் சண்டை போட்ட விமானிகளே கண்ணில் பட்டதையெல்லாம் ஜீரோ என்றுதான் சொன்னார்கள்.

தாத்தா பொய் சொல்லவில்லை. பிற்பாடு ஊரெல்லாம் பரவிய பெயர் அவர் ஞாபகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். பழைய போர் விமானங்களைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்து மறுபடி பறக்கவிடுகிறவர்கள் மல்லுக்கட்டுவதும் இதோடுதான். அன்றைக்கு இருந்தது எது, பின்னால் வந்து ஒட்டியது எது?

அன்று நம் திடலில் இரண்டு வகை விமானங்கள் நின்றன. பிரிட்டிஷ் விமானப் படையின் 27ஆவது ஸ்குவாட்ரன் பிரிஸ்டல் பிளெனிம் வைத்திருந்தது. ஆஸ்திரேலிய விமானப் படையின் 21ஆவது ஸ்குவாட்ரனிடம் புரூஸ்டர் பஃபலோ. ஒன்று இங்கிலாந்துச் சரக்கு, மற்றது அமெரிக்கச் சரக்கு. இதில் என்ன பெரிய விஷயம் என்பது என் மாமாவின் ஸ்பேனர் பெட்டியைப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

மாமா தோட்டத்து ஸ்டோரில் ஃபிட்டர். வெள்ளைக்காரன் விட்டுப்போன டீசல் என்ஜின், ரப்பர் ஷீட் போடும் மிஷின் எல்லாம் அவர் பொறுப்பு. அவரிடம் இரண்டு பெட்டி இருந்தது. ஒரு பெட்டியில் 1/2 என்று அடித்திருந்த ஸ்பேனரை எடுத்து வாயை அளந்தேன். அரை அங்குலம் இல்லை, முக்கால் அங்குலத்துக்கும் மேலே இருந்தது.

"மாமா, இது தப்பா அடிச்ச ஸ்பேனரா?"

"தப்பு ஸ்பேனர்ல இல்லடா, நீ படிக்கிறதுல இருக்கு."

பழைய பிரிட்டிஷ் முறையான விட்வொர்த் அப்படி. ஸ்பேனரில் இருக்கும் எண் நட்டின் அகலம் இல்லை, போல்ட் தண்டின் தடிமன். அமெரிக்க முறையில் எண் வாயின் அகலத்தையே சொல்லும். மரையும் வேறு: விட்வொர்த்தில் அதன் கோணம் 55 டிகிரி, அமெரிக்க முறையில் 60. ஒன்றின் நட்டை மற்றதன் போல்ட்டில் ஏற்றினால் இரண்டு சுற்று ஏறி, அப்புறம் மரையைத் தின்றுவிடும். 1941இல் இதே ஊரில் ஒரு மெக்கானிக் காலையில் பிளெனிமைத் தொட்டால் ஒரு பெட்டி, மத்தியானம் பஃபலோவைத் தொட்டால் இன்னொரு பெட்டி திறந்திருக்க வேண்டும். இன்றைக்கு ஒரு பிளெனிமைப் பழுது பார்க்கிறவருக்கும் அதே பழைய பெட்டிதான் கதி. கடையில் கிடைக்கும் மெட்ரிக் போல்ட்டை வைத்து முடுக்கிவிட்டால் வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது. இந்தத் தொழிலில் துல்லியம் என்று பேசுவது பெரும்பாலும் இப்படி யாருக்கும் தெரியாத இடங்களைப் பற்றித்தான்.

பிளெனிமின் கதையைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். உலகத்தில் இன்று பறக்கக்கூடிய பிளெனிம் ஒன்றே ஒன்று, இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. அதன் உடலைப் பார்த்து இது பிளெனிமே இல்லை என்று ஒருவர் வாதாடலாம். கனடாவில் உரிமம் வாங்கிச் செய்த பொலிங்புரோக் அது, பிளெனிமுக்குத் தம்பி முறை. போர் முடிந்ததும் அந்த விமானங்களை உபரிச் சாமானாக விற்றார்கள். விவசாயிகள் வாங்கிப்போய்ச் சக்கரம், போல்ட் என்று உதவுகிறதைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை வயலோரம் போட்டுவைத்தார்கள். நம் ஊர் மழையில் அப்படிப் போட்டிருந்தால் கொடி ஏறி, மண் தின்று, காணாமலே போயிருக்கும். கனடாவின் காய்ந்த குளிர் காப்பாற்றிவிட்டது.

அப்படிக் கிடந்த ஒன்றை எடுத்து, 12 வருடம் உழைத்து, 1987இல் பறக்கவிட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். வேறு யாராக இருந்தாலும் கடையைச் சாத்தியிருப்பார்கள். இவர்கள் இன்னொரு பொலிங்புரோக்கைத் தேடிப் பிடித்து 1993இல் பறக்கவிட்டார்கள். 2003இல் தரையிறங்கும்போது அதுவும் அடிபட்டது. மூன்றாவது முறையாக 2014இல் எழும்பியபோது முகமே மாறியிருந்தது. நீண்ட மூக்கு போய், முதல் ரக பிளெனிமின் குட்டை மூக்கு வந்திருந்தது.

அந்த மூக்கு வந்த வழிதான் வேடிக்கை. போருக்குப் பிறகு, விமானம் செய்த பிரிஸ்டல் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் பழைய பிளெனிமின் மூக்கை மட்டும் வாங்கினார். அதை ஒரு ஆஸ்டின் செவன் காரின் சட்டத்தில் ஏற்றி, பாட்டரியில் ஓடுகிற காராக்கி, ஊருக்குள் ஓட்டித் திரிந்தார். அந்தக் காரிலிருந்து கழற்றிய மூக்குதான் இப்போது வானத்தில் பறக்கிறது. நம் 27ஆவது ஸ்குவாட்ரன் வைத்திருந்ததும் முதல் ரகம்தான். சுங்கை பட்டாணித் திடலில் வரிசையாக நின்ற அந்தக் குட்டை மூக்கை இன்று பறக்கும்போது பார்க்க வேண்டுமானால் டக்ஸ்ஃபோர்டுக்குத்தான் போக வேண்டும்.

கனடா உடல், கார் மூக்கு, புதுத் தகடு. இதை அசல் என்று சொல்லலாமா?

விமானத் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு விமானத்திலும் தொழிற்சாலை எண் பொறித்த சின்னத் தகடு ஒன்று உண்டு. அந்தத் தகடும், அதோடு தொடர்பு அறாத கொஞ்சம் பழைய உலோகமும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவும் இருந்தால் அது அதே விமானம்தான். நமக்கு இது புதிய யோசனையே இல்லை. கோயில் திருப்பணிக்கு முன்னால் பாலாலயம் செய்து சாமியின் சக்தியைக் கலசத்தில் இறக்குகிறோம். பிறகு தளம், கோபுரம், சாயம் எல்லாம் புதிதாகிறது. கும்பாபிஷேகம் முடிந்ததும் அது அதே கோயில். தோட்டம் கைமாறி வீட்டு மனையானபோது எத்தனையோ தோட்டத்துக் கோயில்களில் சாமியை லாரியில் ஏற்றி வேறு இடத்தில் வைத்தோம். யாரும் வேறு சாமி என்று சொல்லவில்லை. விமானத்தின் எண் தகடு செய்வதும் ஏறக்குறைய அந்தக் கலசத்தின் வேலையைத்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கோயில் நேற்று எப்படி இருந்தது என்று நமக்குச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை, இன்று விளக்கு எரிந்தால் போதும். விமானம் சாட்சி சொல்லியாக வேண்டும். சாட்சிக்குப் பல் கட்டலாம், வாக்குமூலம் எழுதிக் கொடுக்கக் கூடாது. இந்த எல்லை தெரிந்து செய்த வேலை நம் பக்கத்திலேயே இருக்கிறது. மெர்போக்கில், பூஜாங் பள்ளத்தாக்கில், புக்கிட் பத்து பாஹாட் சண்டி என்ற பழங்காலக் கோயிலை 1960 வாக்கில் கல் கல்லாக எடுத்து நிறுத்தினார்கள். அடித்தளம் உண்டு, தூண் நின்ற கற்கள் உண்டு, கூரை கிடையாது. கூரை மரத்தில் இருந்து மக்கிப்போயிருக்க வேண்டும். அது எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை, அதனால் கட்டவில்லை. கடாரம் பார்க்க வருகிற நம் ஆட்கள் சிலர், என்ன இது மொட்டையாக இருக்கிறது என்று குறைப்படுவார்கள். அந்த மொட்டைதான் எனக்கு அதில் பிடித்த பகுதி.

விமானத்துக்கு அப்படிக் கூரை போடாமல் விட முடியாது. பறக்க வேண்டுமே. அலுமினியம் துருப்பிடிக்காது என்று நினைக்கிறோம். சட்டிபானை அலுமினியத்துக்கு அது ஓரளவு சரி. விமானத்தில் போடுவது பலத்துக்காகச் செம்பு கலந்த அலுமினியம். ஈரம் பட்டால் வெள்ளைப் பொடி கிளம்பி, ஏடு ஏடாகப் பிரிந்துவிடும், பழைய புத்தகத்தின் தாள் மாதிரி. மெக்னீசியப் பாகங்கள் அதைவிட மோசம். எடை தாங்குகிற பாகங்களில் இப்படி ஆகியிருந்தால் வேறு வழியில்லை, பழைய வரைபடத்தை வைத்துப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரின் இறக்கை உத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுரக் குழாய்க்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று செருகிச் செய்தது அது. நுனிக்குப் போகப் போகக் குழாய்களின் எண்ணிக்கை குறையும். இன்றைக்கு அதைவிட எளிதாகச் செய்ய வழி உண்டு. செய்தால் பறக்கும், ஆனால் ஸ்பிட்ஃபயரின் இறக்கை எப்படி வளைந்து கொடுத்ததோ அப்படி வளையாது.

தகடுகளைப் பிணைக்கிற ரிவெட் ஆணியின் சமாச்சாரம் இன்னும் சுவாரசியம். பழைய விமானங்களில் சில இடங்களுக்கு வேண்டிய கெட்டி ரிவெட்டை அப்படியே எடுத்து அடித்தால் தலை வெடித்துவிடும். அதைக் கிட்டத்தட்ட 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து, சட்டென்று தண்ணீரில் முக்க வேண்டும். அப்போது மெழுகு மாதிரி மிருதுவாக இருக்கும். சும்மா வெளியே வைத்தால் ஒரு மணி நேரம் போவதற்குள் தானாகவே இறுகத் தொடங்கிவிடும். அதனால் முக்கிய கையோடு ஐஸ்பெட்டியில் போட்டுவைப்பார்கள். ஆள் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு ஓடுவார், அடிப்பார், தீர்ந்ததும் மறுபடி ஐஸ்பெட்டிக்கு வருவார். அடித்து முடித்த ரிவெட் உடலுக்குள் உட்கார்ந்துகொண்டு மெல்ல இறுகிக் கெட்டியாகும். ஒரே விமானத்தில் இப்படிப் பல்லாயிரம் ரிவெட். இந்த வேலைக்கு வருடக்கணக்கில் ஏன் ஆகிறது என்று கேட்பவர்களுக்கு அந்த ஐஸ்பெட்டிக் கதவு திறந்து மூடுகிற சத்தத்தைத்தான் கேட்கவிட வேண்டும்.

நம் தோட்டமும் இந்த விமானங்களுக்குள் ஒளிந்திருந்தது. குண்டடி பட்டாலும் ஒழுகாத பெட்ரோல் டாங்கி என்று ஒன்று போர்க்காலத்தில் பரவியது. அதன் சுவரில் இரண்டு வகை ரப்பர் அடுக்கு இருக்கும். வெளியே பதப்படுத்திய ரப்பர், நடுவில் பதப்படுத்தாத பச்சை ரப்பர். குண்டு துளைத்ததும் பெட்ரோல் பச்சை ரப்பரில் படும், ரப்பர் ஊதிப் பெருத்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். சின்ன வயதில் ஒட்டுப்பாலைப் பெட்ரோலில் ஊறப்போட்டு சைக்கிள் டியூபுக்குப் பசை செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1942இல் மலாயா ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்கா செயற்கை ரப்பருக்கு அலைந்ததற்கு லாரி டயர் மட்டும் காரணம் இல்லை. இன்று பறக்கும் பழைய விமானங்களில் இந்த டாங்கியை அப்படியே வைத்திருப்பது அபூர்வம். வயதான ரப்பரை நம்பி யாரும் மேலே போகமாட்டார்கள்.

வேறு சமரசங்களும் உண்டு. துப்பாக்கி இருக்கும் இடத்தில் வெறும் குழாய், கவசத் தகடு கழற்றியாகிவிட்டது, கண்ட்ரோல் டவரோடு பேசப் புது ரேடியோ. என்ஜினை அன்று சண்டையில் முறுக்கிய அளவுக்கு இன்று முறுக்குவதில்லை. இவற்றில் எனக்குக் குறை இல்லை. மாற்ற முடியாத சிலது அப்படியே இருக்கிறது. பிளெனிமின் மெர்க்குரி என்ஜின், வட்டமாக 9 சிலிண்டர் வைத்தது. ராத்திரி நின்றால் அடியில் இருக்கும் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கிவிடும். அப்படியே கிளப்பினால் எண்ணெய் அமுங்காமல் தண்டு வளைந்து போகும். அதனால் கிளப்பும் முன் ஓர் ஆள் விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும், எங்காவது இடிக்கிறதா என்று. 1941இல் நம் திடலிலும் காலையில் அப்படித்தான் சுற்றியிருப்பார்கள். இதை எந்த அருங்காட்சியகக் கண்ணாடிக்குள்ளும் காட்ட முடியாது.

சாயத்துக்கு வருவோம், அதிகச் சண்டை நடப்பது அதில்தான். ஆதாரம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படம். அந்தக் காலத்தில் பலர் போட்ட ஒரு வகை ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. மஞ்சள் கறுத்து விழும், நீலம் வெளுத்து விழும். படத்தைப் பார்த்துச் சாயம் அடித்தால் தலைகீழாகிவிடும். மலாயாவுக்கு இன்னொரு பொறியும் உண்டு. கிழக்கு ஆசியப் போரில் பிரிட்டிஷ் விமானம் என்றதும், நடுவில் சிவப்பில்லாத நீல வட்டத்தைப் போட்டுவிடுகிறார்கள். ஜப்பானியச் சிவப்புப் பொட்டோடு குழம்பாமல் இருக்கச் சிவப்பை எடுத்தது உண்மைதான், ஆனால் அது நடந்தது 1942இல் மலாயா விழுந்தபின். சுங்கை பட்டாணியில் நின்றவற்றின் வட்டத்தில் நடுச்சிவப்பு இருந்தது. தாத்தாவின் ஜீரோ மாதிரியேதான் இதுவும், பின்னால் வந்த பெயரும் பின்னால் வந்த சாயமும்.

இந்த மண்ணுக்கு மேலே பறந்த ஒரு விமானம் இன்னும் உயிரோடு இருக்கிறது. போருக்குப் பிறகு கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடு சண்டை நடந்த மலாயா அவசரகாலத்தில், சிங்கப்பூரின் சிலேத்தார் விமானத் திடலிலிருந்து 81ஆவது ஸ்குவாட்ரன் காட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. 1954 ஏப்ரல் 1இல் அந்த ஸ்குவாட்ரனின் பி.எஸ். 888 என்ற ஸ்பிட்ஃபயர் ஜொகூர்க் காட்டின் மேல் பறந்து திரும்பியதுதான் பிரிட்டிஷ் விமானப் படையில் ஸ்பிட்ஃபயரின் கடைசிப் போர்ப் பணி. அதே ஸ்குவாட்ரனில் இருந்த பி.எஸ். 890 தாய்லாந்துக்குப் போனது. 1962இல் தாய்லாந்து மன்னர் அதை அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அங்கே அதை மறுபடி பறக்கவைத்தபோது, ஷேக்கிள்டன் என்ற பெரிய கடற்காவல் விமானத்தின் என்ஜினையும், எதிரெதிராகச் சுற்றும் இரட்டை விசிறியையும் மாட்டினார்கள். அந்த என்ஜின்தான் கைக்குக் கிடைத்தது. பிறகு பிரான்ஸுக்குப் போய் 5 இதழ் விசிறிக்கே திரும்பியது. இரட்டை விசிறியோடு அதைப் படம் பிடித்து 'அசல் மலாயா ஸ்பிட்ஃபயர்' என்று ஒருவர் போட்டால், உடலைப் பொறுத்தவரை உண்மை, மூக்கைப் பொறுத்தவரை பொய்.

பஃபலோவை மறக்கவில்லை. பிரிட்டன் 170 வாங்கி, அதில் பெரும்பங்கை இந்தப் பக்கம்தான் அனுப்பியது. சிலவற்றில் இருந்தது பயணிகள் விமானத்தில் ஓடிக் களைத்த பழைய என்ஜின். நம் சூட்டில் அவை படுத்திய பாடு தனிக் கட்டுரைக்கு ஆகும். இன்று பறக்கும் நிலையில் ஒரு பஃபலோகூட உலகத்தில் இல்லை. முழுசாகக் கிடைத்த ஒன்று பின்லாந்தில் இருக்கிறது. 1942 ஜூனில் அடிபட்டு ஓர் ஏரிக்குள் இறங்கிய பி.டபிள்யூ. 372. விமானி நீந்திக் கரையேறி நடந்தே தன் படைக்குத் திரும்பினார். 1998இல் ரஷ்யப் பக்கம் இருந்த அந்த ஏரியிலிருந்து விமானத்தை எடுத்தார்கள். குளிர்ந்த நல்ல தண்ணீர், உப்பு இல்லை. சாயம்கூட உரியாமல் இருந்தது. அதை வைத்துப் பறக்கிற பஃபலோ ஒன்று செய்திருக்கலாம், பணம் கொடுக்க ஆள் இருந்திருக்கும். செய்யவில்லை. அடிபட்ட ஓட்டை, கசங்கிய தகடு, அன்று கையால் அடித்த சாயம் எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டார்கள்.

என் கட்சி இதுதான்: ஸ்பிட்ஃபயர் மாதிரி பல மிஞ்சியிருப்பதைப் பறக்கவிடுங்கள், ஒன்றே ஒன்று மிஞ்சியதைத் தொடாதீர்கள். 2022 நவம்பரில் டல்லஸில் ஒரு பி-17 குண்டுவீச்சு விமானமும் ஒரு பி-63 சண்டை விமானமும் கண்காட்சியில் மோதி 6 பேர் இறந்தார்கள். மனிதர்களைப் பற்றி முதலில் அழ வேண்டும். அதன்பின், இரண்டு விமானங்களுக்குள் இருந்த எத்தனையோ பழைய உலோகமும் அந்தச் சில விநாடியில் போனது. அப்படியானால் பிளெனிம்? அது கைக்கு வந்தபோதே பல விமானங்களின் துண்டு. அதைப் பறக்கவிட்டதில் எனக்கு வருத்தமில்லை.

லங்காவி விமானக் கண்காட்சிக்கு நம் ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போகிறவர்கள் எல்லாம் ஜெட் பார்க்கத்தான் போகிறார்கள். அதில் தப்பில்லை. பழைய பிளெனிம் ஒன்று இங்கே வந்து பறக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த ஈரத்தில் அதைக் காப்பாற்ற ஆகும் செலவுக்கு எந்த ஆள் முன்வருவார்? பழைய திடல் இருந்த இடத்தில் இப்போது ராணுவ முகாம். பேரில் மட்டும் இன்னும் விமானம் இருக்கிறது: கெம் லாப்பாங்கான் தெர்பாங், அதாவது விமானத் திடல் முகாம். பீடோங்கில் ஹார்வர்ட் என்றால் தோட்டமும் கோல்ஃப் திடலும். அதே பெயரில் மலாயாவில் ஒரு பயிற்சி விமானமும் பறந்தது என்று சொன்னால் கோப்பிக்கடையில் சிரிக்கிறார்கள்.

மாமாவின் இரண்டு பெட்டியும் இப்போது என் வீட்டில் இருக்கிறது. விட்வொர்த் பெட்டியில் ஒரு ஸ்பேனருக்கு எண் சுத்தமாகத் தேய்ந்துவிட்டது. புதிதாக ஒரு எண்ணை அடித்து வைத்தால் என்ன என்று ஒருமுறை மாமாவிடம் கேட்டேன். "எது நம்பர்னு உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப எதுக்கு அடிக்கிற? போல்ட்டுல வச்சுப் பாத்துக்க."